சப்பாத்தின் ஆயுள் அறியும் உபகுழு

வெள்ளவத்தைத் தமிழர் அதிகாலை ஓட்டச் சங்கத்துக்கு ஒரு தலைவர் உண்டு, இரண்டு உபதலைவர்கள் உண்டு, செயலாளர், பொருளாளர், பத்திராதிபர், உள்ளகக் கணக்காய்வாளர், மூன்று போஷகர்கள் என்று சகலரும் உண்டு. ஓடுகிறவர் என்று பார்த்தால் ஒரேயொரு ஆள்தான். பெயர் இரத்தினசிங்கம். கோட்டையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கிளாக்கர். நிறை நூற்றுப் பதினெட்டுக் கிலோ.

இந்த நிறையை வைத்துக்கொண்டு மனிசன் ஏன் ஓட வெளிக்கிட்டார் என்று சங்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். நாங்கள் சொல்லிவிடுவோம், சங்கத்துக்குப் போய்ச் சேராது என்ற நம்பிக்கையில்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு தொடக்கத்தில் ஒருநாள் பின்னேரம், அவரும் மனைவி பத்மாவதியும் காலி வீதியில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றார்கள். டமார் என்று ஒரு சத்தம். அந்த நாட்களில் கொழும்பில் ஒரு சத்தம் கேட்டால் என்ன ஏது என்று பார்த்துவிட்டு ஓடுகிற வழக்கம் இல்லை. முதலில் ஓடுவது, பிறகு எங்கேயாவது நின்று பார்ப்பது. மரக்கறிக்காரன் தராசைப் போட்டுவிட்டு ஓடினான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஓடினார்கள். பொல்லூன்றி நடந்த ஒருவர் பொல்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். இரத்தினசிங்கமும் நாலடி எடுத்து வைத்தார். ஐந்தாவது அடிக்கு மூச்சு வரவில்லை. முழங்கால்கள் இரண்டும் எங்களால் ஏலாது என்றுவிட்டன.

“நீர் ஓடும், பத்மா” என்றார்.

“நீங்கள்?”

“என்னால ஏலாது.”

“அப்ப நிப்பம்” என்றாள் பத்மாவதி.

ஒரு கையில் கத்தரிக்காய்ப் பை, மற்றக் கையில் அவருடைய கை. வெறிச்சோடிப்போன காலி வீதியில் அவர்கள் இரண்டு பேரும் கலியாணப் படத்துக்கு நிற்பதுபோல நின்றார்கள். வெடித்தது ஒரு லொறியின் டயர் என்று கொஞ்ச நேரத்தில் தெரியவந்தது. ஓடினவர்கள் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். பத்மாவதி கத்தரிக்காய் ஒன்றைப் பிரட்டிப் பார்த்து, பூச்சி என்று சொல்லி மாற்றி வாங்கினாள். இரத்தினசிங்கத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. டயராக இல்லாதிருந்தால்? கால் கை சுகமாக இருக்கிற ஒரு பெண், ஒரு தடியன் ஓடமாட்டாமல் நின்ற ஒரே காரணத்துக்காக அங்கே நின்றாள். வீடு வரும்வரை அந்த ‘அப்ப நிப்பம்’ அவருடைய காதை விட்டுப் போகவில்லை. இனி ஓடப் பழகுவது என்று முடிவெடுத்தார்.

ஆனால் வெள்ளவத்தையில் ஒரு தமிழன் விடியப்புற இருட்டில் தனியாக ஓட முடியாது. எதைச் செய்துவிட்டு ஓடுகிறான் என்பதுதான் காவலரணில் முதல் கேள்வியாக இருக்கும். கூட்டமாக ஓடினாலும் முடியாது. எங்கே போய் எதைச் செய்யப் போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டு கேள்விக்கும் பதிலாக ஓட்டச் சங்கம் பொலிசில் அனுமதி எடுத்து, அங்கத்தவர்களுக்குக் கழுத்தில் தொங்கவிடுகிற அட்டை கொடுத்திருந்தது. அட்டையோடு ஓடும் சப்பாத்தும் கிடைக்கும். சங்கத்தின் இலண்டன் கிளையினர் தாயகத்து முழங்கால்களை நினைத்து உருகி, நல்ல தடித்த அடியுள்ள சப்பாத்துகளைப் பெட்டி பெட்டியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இரத்தினசிங்கத்தின் அகலப் பாதத்துக்கு ஏற்ற பத்தாம் நம்பர் கொழும்புக் கடை எதிலும் இல்லை. புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய ஒரு சோடி முதல் கிழமையே வாய் பிளந்திருந்தது. ஆகவே அவர் சங்கத்தில் சேர்ந்தார்.

சங்கத்தின் ஓட்டம் எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்லவேண்டும். காலை ஐந்து மணிக்குக் கடற்கரைப் பக்கம் கூடுவார்கள். முதலில் வரவு பதிதல். பிறகு தேவாரம். கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற கத்தோலிக்க அங்கத்தவர்களுக்காக ஒரு செபம். பிறகு மௌன அஞ்சலி. யாருக்கு என்று அறிவிக்கப்படுவதில்லை, ஆனால் அந்த வருஷங்களில் ஆளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. பிறகு தலைவருரை. அதன்பின் ஓட்டம். தலைவர் முன்னே, உபதலைவர்கள் அடுத்து, பதவி ஒழுங்குப்படி மற்றவர்கள். சங்க யாப்பின் ஒன்பதாம் பிரிவு, தலைவரை எவரும் முந்தக்கூடாது என்று சொல்கிறது. தலைவர் பாலசுந்தரத்துக்கு எழுபது வயது, ஆறுதலான மனிதர், கடலைப் பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார். எனவே வெள்ளவத்தை ஓட்டத்தை ரயிலில் இருந்து பார்த்தவர்கள், ஆரோ பெரிய ஆள் செத்துப்போனார் என்று தொப்பியைக் கழற்றியதும் உண்டு. ஓட்டம் முடிந்து பௌஸியின் கடையில் தேத்தண்ணி. நிகழ்ச்சிகளில் நேரம் கூடப் பிடிப்பது அதுதான்.

இரத்தினசிங்கம் சாதாரண அங்கத்தவர், ஆகையால் வால் பக்கம். ஒரு கிழமை அந்த வாலில் நடந்து பார்த்தார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லாரும் வடக்கே பம்பலப்பிட்டிப் பக்கம் போகத் தொடங்கியதும், அவர் திரும்பித் தெற்கே தெஹிவளைப் பக்கம் ஓடுவார். எதிர்த்திசையில் ஓடுகிறவன் தலைவரை எப்படி முந்துவது? அவர்கள் பௌஸி கடைக்கு வரும்போது இவரும் வேர்த்து விறுவிறுத்து வந்து சேருவார். தெஹிவளைக் காவலரண் சிப்பாய் முதலில் துவக்கை நீட்டினான். பிறகு அட்டையைப் பார்த்தான். பிறகு இவருடைய வயிற்றைப் பார்த்தான். மூன்றாம் நாள் தொடக்கம் “துவன்ன மஹத்தயா, துவன்ன” என்று ஓடச் சொல்லிக் கைகாட்ட ஆரம்பித்தான். சங்கத்துக்கு வெளியே அவருக்குக் கிடைத்த ஒரே உற்சாகம் அது.

ஐந்தாறு மாதம் போனது. இடுப்புப் பட்டியில் இரண்டு துளை உள்ளே வந்தது. ரயில் கடவையிலிருந்து தெஹிவளை வரை நில்லாமல் ஓடுகிற அளவுக்கு வந்தார். அப்போதுதான் முழங்கால் நோகத் தொடங்கியது. காலை ஊன்றினால் சீமெந்துத் தரையில் வெறும் குதிக்காலால் குத்துவதுபோல இருந்தது. களுபோவிலவில் ஒரு டொக்டர் முழங்காலை அமத்திப் பார்த்தார், பிறகு சப்பாத்தைக் கேட்டு வாங்கி அதையும் அமத்திப் பார்த்தார்.

“மெல்லிய ஆளுக்கு ஒரு வருஷம் போற சப்பாத்து உங்களுக்கு அரைவருஷம்தான். மேல ஒண்டும் தெரியாது. உள்ளுக்கிருக்கிற ஸ்பொஞ் முதல்ல சாகும். பிறகு உங்கட முழங்கால். ஒண்டில் சப்பாத்தை மாத்துங்கோ, இல்லாட்டி ஓடுறதை விடுங்கோ.”

ஓடுறதை விட்டால் திரும்ப ‘அப்ப நிப்பம்’. இரத்தினசிங்கம் அன்றைக்கே தலைவரிடம் போனார்.

சங்கத்தின் இரும்பு அலுமாரிக்குள் இலண்டனிலிருந்து வந்த சப்பாத்துகள் கிடந்தன. அதில் பத்தாம் நம்பர் ஒரு சோடி இருப்பது எல்லாருக்கும் தெரியும். அலுமாரித் திறப்பு தலைவரின் பூணூலில் தொங்கிக்கொண்டு கிடந்தது. யாப்பின் இருபத்திரண்டாம் பிரிவு, ஒரு சோடி இரண்டு வருஷம் என்று சொல்கிறது.

“மிஸ்டர் இரத்தினசிங்கம், என்ர சப்பாத்தைப் பாரும்” என்றார் பாலசுந்தரம். “மூண்டாவது வருஷம். ஒரு மடிப்பு விழுந்திருக்கோ? ஏன் விழேல்ல? ஒழுக்கம். மழை எண்டால் நான் போடுறேல்ல. புழுதி எண்டால் போடுறேல்ல. காலமை போட்டுக்கொண்டு வாறன், வீட்டை போனவுடன துடைச்சுப் பெட்டிக்குள்ள வைக்கிறன். நான் அரசாங்கத் திணைக்களத்தில முப்பத்திரண்டு வருஷம் இருந்தனான். எனக்குத் தந்த மேசை லாச்சியை ஒருநாளும் திறக்கேல்ல. இளைப்பாறேக்க புதுசாத் திருப்பிக் குடுத்தனான். அதுக்கு எனக்கு விசேஷ பாராட்டுக் கிடைச்சது.”

“நான் ஓடுறனான் ஐயா. அதுதான் தேயுது.”

“எல்லாரும்தான் ஓடுறம்” என்றார் தலைவர், கொஞ்சம் மனம் நொந்து.

தமிழர்களாகிய நாங்கள் ஒரு விஷயத்தை மறுக்க விரும்பாவிட்டால் உபகுழு அமைப்போம். மறுக்க விரும்பினாலும் உபகுழுதான். சப்பாத்தின் ஆயுள் அறியும் உபகுழு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அமைந்தது. தலைவர் பாலசுந்தரம், செயலாளர் நவரத்தினம், தொழில்நுட்ப ஆலோசகராகக் கொட்டாஞ்சேனை ஹியூபேட். ஹியூபேட் துறைமுகத்தில் பாரந்தூக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பாரம் என்றால் அவரைத்தான் கேட்கவேண்டும் என்பது சங்கத்தின் எண்ணம்.

முதல் அமர்வு நவரத்தினத்தின் பிளற் வீட்டில். சபைக்குச் சப்பாத்தைக் கொண்டுவரும்படி கட்டளை. சப்பாத்து இருந்த இருப்பிலேயே கொண்டுபோக வேண்டும் என்றுதான் இரத்தினசிங்கம் நினைத்தார். காலை எழும்பிப் பார்த்தால் அது யன்னல் கட்டில் மல்லிகைப் பூப்போலக் காய்ந்துகொண்டிருந்தது. பத்மாவதி உரஞ்சித் தோய்த்து, வெள்ளை பூசி, நூலும் புதிதாகப் போட்டிருந்தாள்.

“ஐயோ பத்மா, உந்தச் சப்பாத்தை ஏன் வெளுத்தனீர்? தேஞ்சுபோச்செண்டு காட்டவெல்லோ கொண்டுபோறன்.”

“ஊத்தைச் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு நாலு பேருக்கு முன்னால போறதோ? பாலேஸ்வரி பாத்தால் என்ன நினைப்பா? எங்களுக்கொரு மானம் மரியாதை இல்லையோ?”

பாலேஸ்வரி என்பது நவரத்தினத்தின் மனைவி. அவர் என்ன நினைப்பார் என்ற பயத்தில்தான் வெள்ளவத்தையில் முக்கால்வாசி வீடுகள் துப்பரவாக இருந்தன.

உபகுழு சப்பாத்தை மேசைமேல் வைத்தது. மூன்று பேரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள்.

“இது என்ர சப்பாத்தைவிடப் புதுசாக் கிடக்கு” என்றார் நவரத்தினம்.

“மேல அப்பிடித்தான். உள்ளுக்குச் செத்துப்போச்சு.”

“உள்ளுக்கு எண்டால் எவடத்தில?”

“ஸ்பொஞ். பெருவிரலால அமத்திப் பாருங்கோ. அமத்தினால் எழும்ப வேணும். இது எழும்பாது.”

நவரத்தினம் யாப்பைப் பிரட்டினார். “ஸ்பொஞ் எண்டு ஒரு சொல்லும் இதில இல்லை. சப்பாத்து எண்டுதான் கிடக்கு. சப்பாத்து இருக்கோ எண்டால், ஓம், இருக்கு.”

“அதோட” என்றார் தலைவர், “அமத்தினால் எழும்பாதது ஒரு குறையோ? எங்கட ஆக்களை எத்தினை வருஷமா அமத்துறாங்கள். எழும்பினமே? அதுக்காக நாங்கள் செத்துப்போனம் எண்டு சொல்ல ஏலுமோ?”

பாலேஸ்வரி வடை கொண்டுவந்து வைத்தார்.

ஹியூபேட் ஒரு தொழில்நுட்பக் கேள்வி எழுப்பினார். பாரம் எவ்வளவு என்று தெரியாமல் தேய்மானம் பேச முடியாது. இரத்தினசிங்கம் நூற்றுப் பதினெட்டு என்று தானே சொல்லுகிறார். அதற்கு என்ன ஆதாரம்? வீட்டுத் தராசு உறவினர் மாதிரி, வீட்டுக்காரருக்கு ஏற்றபடிதான் கதைக்கும். நம்பகமான தராசு கொட்டாஞ்சேனையில் தன் மச்சான் சூசைதாசனின் அரிசிக் கிட்டங்கியில் இருக்கிறது.

அப்படியாக ஒரு சனிக்கிழமை இரத்தினசிங்கம், சப்பாத்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று உறுப்பினர்கள் சூழப் பஸ்ஸில் போனார். வழியில் எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள்.

“மே மொனவத?” இது என்ன என்று கேட்டான் சிப்பாய், பையைக் காட்டி.

பழைய சப்பாத்து என்று இரத்தினசிங்கம் தன் கிளாக்கர் சிங்களத்தில் சொன்னார். பழைய சப்பாத்தை எங்கே கொண்டு போகிறாய்? கொட்டாஞ்சேனைக்கு. ஏன்? நிறுக்க. சப்பாத்தையா? இல்லை, என்னை. சிப்பாய் இவரை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தான். பிறகு மற்ற மூன்று பேரையும் பார்த்து, இவர்கள் யார் என்று கேட்டான். சாட்சிகள் என்றார். சிப்பாய் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். மேலதிகாரி கேட்டார், இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். நாட்டில் யுத்தம் நடக்கிறபோது இப்படி ஒரு கதையை ஒருவன் இட்டுக்கட்ட முடியாது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள் போலும், நாலு பேரையும் அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள்.

சூசைதாசன் தொழிலில் நேர்மையான மனிதர். மூட்டைத் தராசில் இரத்தினசிங்கத்தை ஏற்றினார். மூட்டை தூக்கும் நாட்டாமைகள் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். முள்ளு ஆடி நின்றது.

“நூற்றுப் பன்னெண்டு” என்றார் சூசைதாசன். “சாக்கு நிறை கழிக்க வேணுமோ?”

“சாக்கோ?”

“உடுப்பை. ஈரமும் கொஞ்சம் கழிக்கலாம், வேர்த்திருக்குது.”

கழித்து நூற்றுப் பதினொன்று என்று முடிவானது. இரத்தினசிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு கிலோ. ஏழு கிலோவைத் தெஹிவளை வீதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். இந்த ஒரு சோடிச் சப்பாத்து இல்லாவிட்டால் நடந்திருக்குமா? அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று, எப்படியும் இனிப் பத்தாம் நம்பர் தனக்குத்தான் என்று நம்பினார்.

உபகுழு பஸ்ஸிலேயே கூடி ஆராய்ந்தது. அங்கத்தவரின் பாரம் குறைந்து வருவது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகியுள்ளது. பாரம் குறையக் குறையச் சப்பாத்தின் மேலுள்ள சுமையும் குறையும். ஆகவே சப்பாத்தின் ஆயுள் வரவரக் கூடிக்கொண்டே போகிறது. இதைச் சொல்லிவிட்டு ஹியூபேட் இரத்தினசிங்கத்தின் தோளில் தட்டி, “நீங்க இப்பிடியே ஓடினா, அய்யே, அது சாகவே சாகாது” என்றார்.

இரத்தினசிங்கத்துக்கு முதல்தடவையாகக் கோபம் வந்தது. வந்து என்ன செய்வது, நிறுத்தத்தில் இறங்கும்போது ஹியூபேட்டின் பஸ் காசையும் அவரே கொடுத்தார். அவர் அப்படித்தான்.

இருந்தாலும் விடவில்லை. மேன்முறையீடு செய்தார். இறுதித் தீர்ப்பு சங்கத்தின் ஆண்டு விழாவில், சபையோர் முன்னிலையில், சாட்சிப் பொருளை மேடையில் காட்டி வழங்கப்படும் என்று தலைவர் அறிவித்தார். அதுவரை அங்கத்தவர் சப்பாத்தைத் தேய்த்துச் சாட்சியைக் கெடுத்துவிடக்கூடும். எனவே சப்பாத்து சங்கத்தின் பொறுப்பில் இருக்கும். பாலேஸ்வரி அதை யாழ்ப்பாணத்துக்குப் பாசல் அனுப்புகிற முறைப்படி வெள்ளைத் துணியில் சுற்றி ஊசி நூலால் தைத்தார். நவரத்தினம் அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். இரத்தினசிங்கத்தின் பெயரை எழுதலாமா என்ற கேள்வி எழுந்தது. பெயர் எழுதினால் பக்கச்சார்பு வரும் என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆகவே பாசலில் ஒன்றும் எழுதப்படவில்லை.

விழா வரும்வரை இரத்தினசிங்கம் வெறுங்காலோடு கடற்கரை மணலில் ஓடினார். மணல் முழங்காலுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் சங்கு, சிப்பி, போத்தல் ஓடு, போதாக்குறைக்கு அதிகாலையில் அங்கே ஒதுங்குகிறவர்களின் உபயம். பத்மாவதி தினமும் வாசலில் வாளியும் கையுமாக நிற்பாள்.

“போதுமப்பா. ஓடினது காணும். இப்ப படியேறினால் இளைக்கிறேல்லத்தானே.”

“காணாது” என்பார் அவர். ஏன் என்று சொல்லவில்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆண்டு விழா வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில். வாசலில் சங்கத் தொண்டர்கள் எல்லாருடைய பைகளையும் திறந்து பார்த்தார்கள். பாசலையும் திறக்க வேண்டும் என்றார் ஒரு தொண்டர். முத்திரையை உடைத்தால் முழு விசாரணையும் செல்லுபடியாகாது என்று நவரத்தினம் அதட்டினார். பாசல் உள்ளே போய், மேடையில் பிரதம விருந்தினரின் மேசைக்குக் கீழே அமர்ந்தது. மேடையில் சரஸ்வதி படமும் குத்துவிளக்கும் இருந்தபடியால் எல்லாரும் செருப்புகளை வாசலில் கழற்றிவிட்டிருந்தார்கள்.

விளக்குக்குத் திரி போட முன்கூட்டியே வந்த பத்மாவதியின் கண்ணில் அந்தப் பாசல் பட்டது. மங்கள விளக்குக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணிப் பொட்டலம், செத்த வீட்டுச் சாமான்போல. அதுவும் தன் புருஷனுடையது. நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள்? தன் கைப்பையில் மடித்து வைத்திருந்த கறுப்புப் பொலித்தீன் பையை எடுத்தாள். பாசலை அதற்குள் போட்டு, வாயை இறுக்கி முடிந்து, மேசைக்கடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டாள். பிறகு நிம்மதியாகப் போய்ப் பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

தலைவர் பாலசுந்தரம் மாலையும் கழுத்துமாகப் பேசத் தொடங்கினார்.

“சபையோரே, ஓட்டம் என்பது கால்களால் செய்யப்படும் ஒன்று என்று சிலர் கருதுகிறார்கள். அது தவறு. ஓட்டம் என்பது ஓர் ஒழுங்கு. இந்தச் சங்கம் தோன்றி ஒன்பது ஆண்டுகள். இந்த ஒன்பது ஆண்டுகளில் எங்கள் அங்கத்தவர் ஒருவர்கூட விழவில்லை, ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை, ஒருவருக்குக்கூட வேர்க்கவில்லை. இடையில் வந்து சேர்ந்த ஒருவரைத் தவிர. இந்தக் காலம் பொல்லாத காலம். எங்களுக்கு வேண்டியது விழிப்பு. எங்கள் காலடியில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு கணமும் நாங்கள்...”

அந்த நேரம் பார்த்துப் பிரதம விருந்தினர் காலை நீட்டினார். கால் எதிலோ முட்டியது. குனிந்து பார்த்தார்.

“இது ஆரின்ர பாசல்?” என்று கேட்டார்.

தலைவர் குனிந்து பார்த்தார். கறுப்புப் பை. நவரத்தினத்தைப் பார்த்தார். அரக்கு வைத்த வெள்ளைப் பாசலை மட்டுமே அறிந்த நவரத்தினம், தெரியாது என்று தலையாட்டினார். ஹியூபேட்டும் தலையாட்டினார். கேள்வி மேடையிலிருந்து இறங்கி வரிசை வரிசையாகப் போய்க் கடைசி வரிசையை அடைவதற்குள் கேள்வியாக இருக்கவில்லை, குண்டாகியிருந்தது.

அன்றுதான் வெள்ளவத்தைத் தமிழர் அதிகாலை ஓட்டச் சங்கத்தின் முதலாவது ஓட்டம் நடைபெற்றது. மூன்று போஷகர்களும் பக்கக் கதவால் பாய்ந்தார்கள். உள்ளகக் கணக்காய்வாளர் யன்னலால். பாலசுந்தரம் மாலையோடு மேடையிலிருந்து குதித்த குதியைப் பார்த்தவர்கள், மனிசன் ஒன்பது வருஷமாக எங்களை ஏமாற்றியிருக்கிறார் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். வாசலில் செருப்புத் தேட ஒருவருக்கும் நேரமில்லை.

நடு வரிசையில் இருந்த இரத்தினசிங்கத்தின் கால்கள் அவரைக் கேட்கவில்லை. கதிரையைத் தள்ளின, படியில் இறங்கின, காலி வீதியில் ஏறின. வெறுங்கால், மணலில் காய்த்த கால். ஹியூபேட்டைத் தாண்டினார். நவரத்தினத்தைத் தாண்டினார். உபதலைவர்கள் இருவரையும் தாண்டினார். வாய்க்கால் பாலத்துக்குக் கிட்ட, மாலை ஆட ஓடிக்கொண்டிருந்த தலைவரையும் தாண்டினார். பாலத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். மூச்சு இருந்தது. முழங்கால் இருந்தது. ஏலுது, பத்மா, எனக்கு ஏலுது என்று சொல்லப் பக்கத்தில் பார்த்தார்.

பக்கத்தில் ஒருவரும் இல்லை. கையைப் பார்த்தார். கை வெறுமையாக இருந்தது.

இத்தனை மாதம் விடியப்புறம் எழும்பி, நாய் துரத்த, முழங்கால் நோக, எந்த ஒன்றுக்காக ஓடிப் பழகினாரோ அந்த ஒன்றை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். சனத்துக்கு எதிராகத் திரும்பி ஓடினார். மண்டபத்துக்குக் கொஞ்சம் இப்பால் இராணுவம் கயிறு கட்டி மறித்துவிட்டது. “மகே நோனா, மகே நோனா!” என் மனைவி, என் மனைவி என்று கத்தினார். ஒரு சிப்பாய் அவரை நெஞ்சில் பிடித்து நிறுத்தினான். அப்போது மண்டபத்துக்குள் டும் என்று ஒரு சத்தம் கேட்டது.

இரத்தினசிங்கம் அப்படியே வீதியில் குந்திவிட்டார். வாய்விட்டு அழுதார். ஐம்பத்து மூன்று வயது மனிசன், காலி வீதியில்.

“இஞ்சாருங்கோ, எழும்புங்கோ. ஊத்தை” என்று ஒரு குரல் கேட்டது.

பக்கத்து ஒழுங்கையால் பத்மாவதி வந்து நின்றாள். சேலை கலையவில்லை. ஒரு கையில் கைப்பை, மற்றக் கையில் அவருடைய செருப்பு.

“சப்பாத்து எண்டு சொன்னனான் அவங்களுக்கு. ‘ஹரி, ஹரி, நோனா’, சரி சரி அம்மா எண்டு சொல்லிப்போட்டு என்னை வெளியில விட்டிட்டு வெடிக்க வைச்சிட்டாங்கள். அவங்கட முறை அப்பிடியாம்.”

அதற்குள் உபகுழு மூச்சு வாங்க வந்து சேர்ந்தது. நடந்ததைக் கேட்டது. வீதியோரத்திலேயே கூடியது. பாலசுந்தரம் பிய்ந்த மாலையைச் சரிசெய்துகொண்டு தீர்ப்பு வழங்கினார்.

“மிஸ்டர் இரத்தினசிங்கம், உம்முடைய சப்பாத்தின்ர ஆயுள் முடிஞ்சுதெண்டு சொன்னீர். முடிஞ்ச சப்பாத்தை அழிக்க ஒரு அரசாங்கத்தின்ர ராணுவம் வெடிமருந்து பாவிக்குமோ? அது எவ்வளவு உறுதியா இருந்திருக்கவேணும் எண்டு யோசியும். மேன்முறையீடு தள்ளுபடி.”

“மற்றது” என்றார் நவரத்தினம், வெறுங்காலை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக்கொண்டு, “பாலத்தடியில நீங்கள் தலைவரை முந்தினதை நான் கண்டனான். ஒன்பதாம் பிரிவு. விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.”

இரத்தினசிங்கம் எழும்பிப் பத்மாவதியின் கையிலிருந்த செருப்பை வாங்கினார். அவர்கள் போன பிறகும் செருப்பைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“உம்மை விட்டிட்டு ஓடிட்டன், பத்மா.”

“ஓம். பாத்துக்கொண்டுதான் நிண்டனான்.”

“சப்பாத்து எண்டு தெரிஞ்சால் கத்தியிருக்கலாமே. எல்லாரும் நிண்டிருப்பினம்.”

“கத்தினனான். முதல் ரெண்டு தரம் கத்தினனான். பேந்துதான் பாத்தன், நீங்கள் படியால இறங்கி ஓடுறியள்.” பத்மாவதி குனிந்து, செருப்பை அவரிடமிருந்து வாங்கிக் காலடியில் வைத்தாள். “உடன வாயை மூடிட்டன்.”

“ஏன்?”

“கேட்டால் நிண்டுபோடுவியளே.”